காலைத் தேகாப்பியாசமும் ஆசிரியர் கடமையும்

பெறுதற்கரிய மானுடப் பிறவியைப் பெற்ற நாம், அப்பிறவிக்குக் கருவியாய் நின்ற இவ்வுடம்பை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பது சைவ நன்மக்கள் யாவரும் ஆராய்ந்து துணிதற்குரியதொரு வினாவாகும். உடம்பை ஓம்புதல் அறமா, அன்றி உலகப்பற்றா? அறமேயாயின், அதனை மாணாக்கருக்குப் பழக்குங் கடமை உபாத்தியாயரைச் சாருமா? சாருமாயின், எவ்வளவிற் சாரும்? இவ்வினாக்களை வெறும் வாதத்தின்பொருட்டு யாம் எழுப்பினோமல்லேம். எம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது. அதனை முதற்கண் கூறுதும்.

2022ஆம் ஆண்டிலே, நாடெங்கும் எரிபொருளும் மாவும் மருந்தும் கிடைத்தற்கரியனவாயிருந்த காலத்தில், வன்னியில் ஒரு குளத்தை அடுத்த சிற்றூர் வித்தியாசாலையில் யாம் பணியாற்றினோம். காலைப் பிரார்த்தனை முடிந்தபின் மாணாக்கரை மைதானத்தில் வரிசையாக நிறுத்திக் கால் மணி நேரம் தேகாப்பியாசஞ் செய்விப்பது எமது ஏற்பாடு. அதனால் அவர்களுக்கு நன்மை விளைகின்றதென்று எமக்கு உறுதியான எண்ணமிருந்தது; அந்த எண்ணத்தோடு சிறிது பெருமையும் இருந்தது. தரம் ஆறிற் பயின்ற சிறுவனொருவன் சில நாட்களாகக் கைகளை முழுதும் உயர்த்தாமலும், குதிக்குமிடத்துக் குதியாமலும் நின்றான். சோம்பலென்று கருதி அவனைக் கடிந்தோம். மறுநாள் அவன் உயர்த்திய கைகளோடு சரிந்து வீழ்ந்தான். நிழலிற் கிடத்தி நீர் தெளித்து உசாவியபோது, முதல்நாள் இரவு வெறுந்தேநீர் மாத்திரம் அருந்தியவன் என்பதும், காலையில் ஒன்றும் உண்ணாது இரண்டு மைல் நடந்து வந்தவன் என்பதும் புலனாயின.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். அவனை வளர்த்து வந்த அம்மம்மா எம்மை ஒரு சொல்லாலும் நோகவில்லை. "வாத்தியார், பிள்ளையளை ஓடவிடுறது நல்லதுதான். ஓடுறதுக்கு வயித்துக்கு ஏதும் இருக்குதோ எண்டு முதல் கேட்டிட்டு ஓடவிடுங்கோ" என்றார். எந்நூலினுங் காணாததொரு பாடத்தை அம்மூதாட்டியார் எமக்குக் கற்பித்தார். அன்றுதொட்டு, தேகாப்பியாசம் நன்றா தீதா என்று மாத்திரம் வினாவுதலை விடுத்து, அது யாருக்கு, எப்பொழுது, எதன்பொருட்டு நன்றாகும் என்று ஆராயத் தலைப்பட்டோம்.

இனி, சைவருள் ஒருசாரார் கூறுந் தடைகளை எடுத்து விடை காண்போம்.

உடம்பு நிலையாதது, மலமும் நோயும் பொதிந்தது, இன்றோ நாளையோ வீழ்வது, அதனை முயன்று வளர்த்தல் பற்றை வளர்த்தலேயாம் என்பது முதலாவது தடை. நிலையாமை மெய்யே. ஆயின் நிலையாதது யாவும் இகழற்பாலது என்பது எவ்வாற்றானும் பெறப்படாது. நம் சித்தாந்த ஆசிரியர்கள் உடம்பு, கருவி, உலகு, நுகர்ச்சி என்னும் நான்கினையும், ஆணவ இருளில் அழுந்திக் கிடந்த உயிர் சிறிதேனும் அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் மாயையினின்றும் படைத்து அருளிய கொடைகளென்றே கொள்வர். இரவில் ஏற்றிய விளக்கை உவமையாகவுங் காட்டுவர். ஞாயிறு எழுந்தபின் விளக்கினால் ஆவதொன்றில்லை; எழுமளவும் விளக்கின்றியும் அமையாது. இருளில் வழி செல்வானொருவன், விடிந்தபின் வேண்டப்படாத விளக்குத்தானே என்று திரியைத் தூண்டாமலும் நெய் வாராமலும் விடுவானாயின், அவனைத் துறவி என்போமா, பேதை என்போமா? விளக்கையே நோக்கி மகிழ்ந்து வழி செல்லாது நிற்பவனும் பேதையே. முன்னவன் உடம்பை இகழ்ந்து கெட்டான்; பின்னவன் உடம்பைத் தொழுது கெட்டான். சைவ நெறி இவ்விருவருக்கும் இடையே செல்வது.

இவ்வுண்மைக்குத் திருமூல நாயனாரே சான்று. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்ததையும், பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில்கொண்டமை உணர்ந்து அதனை ஓம்பத் தொடங்கியதையும் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே அவர் தாமே கூறியிருக்கின்றார். ஒரு ஞானி தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டதை மறையாது உரைத்தமை ஆசிரியராகிய நமக்கு இருவழியிற் பாடமாகும். உடம்பைப்பற்றிய பாடம் ஒன்று. பிழையென்று கண்டதை விடுதல் இழிவன்று என்னும் பாடம் மற்றொன்று.

நோயும் ஆயுளும் பிராரத்த வினைவழி வருவன. தேகாப்பியாசத்தால் அவற்றை மாற்றலாகாது என்பது இரண்டாவது தடை. இதற்கு விடை வன்னி மக்களுக்கு மிக எளிது. மழை நம் கையிலில்லை. ஐப்பசியிற் பெய்வதும் பெய்யாதொழிவதும் நம் விருப்பின்வழி நிகழ்வனவல்ல. ஆயினும் இரணைமடுவின்கீழும் முத்தையன்கட்டின்கீழும் வவுனிக்குளத்தின்கீழும் வயல் செய்வோர், மழை வருவது விதிவழி என்று கூறிக் குளக்கட்டின் வெடிப்பையும் வாய்க்காலின் புதரையும் பாராதிருக்கின்றனரா? மழை இறைவன் செயல். கட்டுக் காத்தல் உழவன் செயல். கட்டுக் காவாதவனுக்குப் பெய்த மழையும் கேடாய் முடியும். வினைவழி வருவது வரும். வந்ததை ஏற்கும் பாத்திரத்தைச் செப்பஞ் செய்தல் நம் கடமை. பசிவந்தவழி உண்டலையும் பாம்பைக் கண்டவழி விலகுதலையும் வினைக்கு மாறென்று எவருங் கூறார். அங்ஙனமாகத் தேகாப்பியாசமொன்றை மாத்திரம் வினைக்கு மாறென்றல் சோம்பலுக்குச் சாத்திரங் கற்பித்தலேயாம்.

இனித் தேகாப்பியாசத்தால் விளையும் நன்மைகளைச் சுருங்கக் கூறுவாம். நாடோறும் அளவாக இயங்குவோனது இருதயம் வலிமையுற்று, ஓய்ந்திருக்குங்காற் குறைந்த துடிப்பினாலே தன் வேலையைச் செய்யும். இயங்குந் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உட்கொள்ளும். ஆதலால் நீரிழிவு வாராது தடுத்தற்கும், வந்தபின் அடக்குதற்கும் இது துணையாகும். இளமையிற் குதித்தும் ஓடியும் வளர்ந்த எலும்பு முதுமையிலும் உறுதியோடு நிற்கும். நித்திரை நன்றாகும், மனச்சோர்வு தணியும்.

இவை வெறும் நம்பிக்கையல்ல. 1953ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்து ஜெரி மொரிஸ் என்னும் வைத்திய ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் இலண்டன் மாநகரத்து இரட்டைத் தட்டுப் பஸ்களில் வேலை செய்தோரை ஆராய்ந்து முடிபு வெளியிட்டனர். சாரதி நாள்முழுதும் இருந்தபடியே இருப்பவன். நடத்துநன் சீட்டு வழங்குதற்பொருட்டு நாள்முழுதும் படியேறி இறங்குபவன். இருவரும் ஒரே வண்டியில், ஒரே நகரில், ஒரே புகையைச் சுவாசித்துத் தொழில் புரிந்தவர்கள். ஆயினும் இருதய நோய் சாரதிகளிடத்து மிகுதியாகவும் நடத்துநரிடத்துக் குறைவாகவும் காணப்பட்டது. இதன்பின் வந்த எத்தனையோ ஆராய்ச்சிகள் அம்முடிபை வலியுறுத்தின. 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், ஐந்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமும், வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரையும் உடலை இயக்குதல் வேண்டுமென விதித்தது. நம் இலங்கைத் தீவிலே நிகழும் மரணங்களுள் பத்தில் எட்டுப் பங்களவு இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் முதலிய தொற்றா நோய்களால் நிகழ்கின்றன என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். ஒரு தலைமுறைக்குமுன் வன்னியில் மண்வெட்டியும் அரிவாளும் கொண்டு செய்த வேலையை இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. உழவனும் இருந்த இடத்திலிருந்தே தொழில் புரிகின்றான். பாட்டனாருக்கு வேண்டாதிருந்த தேகாப்பியாசம் பேரனுக்கு வேண்டியதாயிற்று.

நன்று, மாலையிற் செய்தாலாகாதோ, காலையில் ஏன் என்று கேட்பார்க்கு உண்மையை உள்ளவாறே கூறுதல் முறை. உடம்புக்கு விளையும் நன்மை காலையிற் செய்தாலும் மாலையிற் செய்தாலும் பெரும்பாலும் ஒத்ததே. விடியற்காலையில் உடற்சூடு குறைந்தும் தசைகள் இறுகியும் இருப்பதனால், ஓட்டம் முதலிய கடும்பயிற்சிக்கு மாலையே இசைவாகும் என்றுங் கூறலாம். அங்ஙனமாயின் காலைக்குள்ள சிறப்பு யாது? அது மூன்று வகைத்து.

ஒன்று, வன்னியின் வெயில். ஒன்பது மணிக்குமேல் மைதானத்து மண் கொதிக்கும், விடியற்பொழுதே குளிர்ந்தது. இரண்டாவது, ஒழுங்கு. மாலைப்பொழுதை விருந்தினரும் மழையும் களைப்பும் பிரத்தியேக வகுப்பும் பறித்துக்கொள்ளும்; விடியற்பொழுதைப் பறிப்பது நம் நித்திரையொன்றே. அந்நித்திரையை வென்றவனுக்கு அன்றைய முதல் வெற்றி தன்மேல் தான் கொண்ட வெற்றியாகின்றது. மூன்றாவது, நம் சமய ஒழுக்கம். நித்திய கருமங்களை விதிக்கும் நம் நூல்கள் சூரியோதயத்துக்குமுன் எழுதலை முதலில் வைத்தன. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பிள்ளைகள் இருளோடு எழுந்து தெருவலம் வருதலை வன்னியூர்களில் இன்றும் காண்கின்றோம். பத்து நாள் எழ வல்லவர்கள் ஆண்டு முழுதும் எழ வல்லவரே.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை விலக்குதல் வேண்டும். இக்காலத்தில் சிலர், பிள்ளையார் சந்நிதியில் இடுந் தோப்புக்கரணமும், அட்டாங்க நமஸ்காரமும், பிரதக்ஷிணமும் முன்னோர் மறைமுகமாக அமைத்துவைத்த தேகாப்பியாசங்களே என்று பெருமையோடு பேசுகின்றனர். சமயத்தை உயர்த்துவதாக எண்ணி அவர்கள் அதனைத் தாழ்த்துகின்றனர். வணக்கத்தின் பயன் இரத்தவோட்டமேயாயின், அதனினும் நல்லதோர் இரத்தவோட்டங் கிடைத்த நாளில் வணக்கம் ஒழிந்துபோம். வணங்குதல் இறைவன்பொருட்டு; அதனால் உடம்பு நலம்பெறின் அஃது இடைவந்த பயன். தேகாப்பியாசமோ உடம்பின்பொருட்டு, உடம்பு தொண்டின்பொருட்டு. இவ்வொழுங்கு மாறலாகாது. இன்று எங்கும் பயிலப்படுஞ் சூரிய நமஸ்கார முறை 1920களிலே மராட்டிய நாட்டு ஔந்து சமஸ்தானத்து அரசர் பவான்ராவ் பந்த பிரதிநிதி அவர்களாற் பெரிதும் பரப்பப்பட்டது. நல்ல பயிற்சியென்பதனால் அதனைக் கொள்ளலாம். தொன்மை கற்பித்துக் கொள்ளவேண்டுவதில்லை. நன்மை தன் வலியினாலேயே நிற்கும். பொய்யின் துணை அதற்கு வேண்டா.

ஆயின் உடம்பால் உழைத்தல் சமயத்துக்குப் புறம்பானதன்று. நால்வகைப் பாதங்களுள் முதலதாகிய சரியை முழுதும் உடம்பின் உழைப்பே. விடியுமுன் எழுந்து மலர் பறித்தல், திருவலகிடுதல், மெழுக்கிடுதல் ஆகிய இவை யாவும் குனிந்தும் நிமிர்ந்தும் செய்வன. திருநாவுக்கரசு நாயனார் நூல்வல்ல பெரும் புலவர். அவர் கையில் விளங்கியது உழவாரப் படை. திருக்கோயில் முற்றங்களிற் புல்லைச் செதுக்கிய அக்கையை நினைந்து, எழுதுகோல் பிடித்த கைக்கு வேறு வேலை இழிவு என்று கருதும் படித்தோர் நாணுதல் தகும். ஈழத்துக்கும் எழுந்தருளிய விவேகானந்த சுவாமிகள், 1897ஆம் ஆண்டிலே சென்னை இளைஞரை நோக்கி, கீதை கற்பதினும் பந்து விளையாடி உடலுறுதி பெறுவதே முதற்கண் வேண்டுவதென்னுங் கருத்துப்பட உரைத்தமை பலரும் அறிந்ததே. கீதையை இகழ்ந்து அவர் அங்ஙனம் கூறினாரல்லர். வலியற்றவன் அதனைப் பற்றிக்கொள்ள மாட்டான் என்பது அவர் கருத்து.

இனி, வன்னியாசிரியர் மாத்திரம் எதிர்கொள்ளும் ஒரு தடையைக் கூறுவாம். பிற நாட்டில் மாணாக்கரை வரிசையாக நிறுத்தி ஊதுகுழல் ஊதினால் காண்போர் மகிழ்வர். இந்நிலத்திலோ அவ்வொலியைக் கேட்டு உள்ளம் நடுங்குந் தாய்மாரும் உளர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் முடிவுற்ற போரின்வரையில், பள்ளிப் பருவத்தினர் பலர் புத்தகத்தை விட்டுப் படைப்பயிற்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் மீளவில்லை. அன்று பிள்ளையாயிருந்தோர் இன்று தந்தையருந் தாயருமாகித் தம் பிள்ளைகளை நம்மிடம் அனுப்புகின்றனர். அவர்களுள் ஒருவர், "என் மகனை வலியவனாக்குதல் யாருக்காக?" என்று வினாவினால் நாம் விடை கூறுதல் வேண்டும். நற்குடிமகனாக்க என்றும், ஒழுங்கு பழக்க என்றும் பொதுப்பட விடுத்தல் போதாது. வலிமை எவர் ஏவலையுங் கேட்கும். அதனால் வலிமை பழக்குமுன், வலிமை எதற்கு வணங்குதல் வேண்டும் என்பதைப் பழக்குதல் ஆசிரியர் கடன்.

இதற்குப் பெரியபுராணத்தினின்றும் ஒரு வரலாறு காட்டுவாம். சோழநாட்டு எயினனூரில் வாழ்ந்த ஏனாதிநாத நாயனார் வாட்பயிற்சி கற்பிக்கும் ஆசிரியர். அறுபத்துமூவருள்ளே உடற்பயிற்சி ஆசிரியரென்று நாம் உரிமையோடு கூறத்தக்கவர் அவரே. அத்தொழிலால் வந்த பொருளை அடியவர்க்கு ஈந்தார். அவர்பால் அழுக்காறு கொண்ட தாயத்தானாகிய அதிசூரன் படையோடு வந்து பொருது தோற்றான்; பின்னர்த் தனித்துப் போர் செய்வோமென அழைத்து, நெற்றியில் திருநீறு பூசி, அதனைக் கேடகத்தால் மறைத்து வந்தான். வெட்டுதற்கு நெருங்கிய வேளையிற் கேடகத்தை விலக்கினான். நீற்றைக் கண்ட நாயனார், இவர் சிவனடியாராயினார், இவரைக் கொல்லேன் எனத் துணிந்தார். வாளைக் கீழே இட எண்ணியவர், இட்டால் ஆயுதமில்லாதவரைக் கொன்றார் என்னும் பழி எதிர்நிற்பவரைச் சாருமே என்று கருதி, வாளை ஏந்தியபடியே பொராது நின்றார். பகைவன் கருத்தை முடித்தான். சிவபெருமான் நாயனாரை ஆட்கொண்டருளினார்.

இவ்வரலாற்றை நீற்றின் பெருமைக்கு மாத்திரம் எடுத்துரைத்தல் வழக்கம். உடலுறுதிபற்றியும் இதிலொரு நுட்பம் உண்டு. வெட்ட வல்ல கை வெட்டாது நின்றது. வலியற்றவன் அடங்குதல் இயலாமை. வல்லவன் அடங்குதலே அடக்கம். பழக்கத்தால் உறுதியடைந்த கையே நினைத்த இடத்தில் நிற்கவும் வல்லது. தம் உயிர் போகும் அக்கணத்திலும் எதிரிக்குப் பழி வாராமையை எண்ணிய உள்ளமும், அவ்வெண்ணத்துக்கு அசையாது பணிந்த உடம்பும் ஒருங்கே அமைந்தமை அந்த ஆசிரியரது பயிற்சியின் முதிர்ச்சி. நம் மாணாக்கருக்கு நாம் பழக்கவேண்டுவது இதுவே. "யாருக்காக?" என்று வினாவிய தந்தைக்கு, "எவருடைய படைக்காகவும் அன்று ஐயா; உம்முடைய மகன் தன் உடம்புக்குத் தானே தலைவனாதற்பொருட்டு" என்று கூறும் வாய்மை நமக்கு வேண்டும். ஆதலால் காலைப்பயிற்சியை அணிவகுப்பின் சாயலில் நடத்துதலினும் விளையாட்டின் சாயலில் நடத்துதல் இந்நிலத்துக்குச் சிறந்ததென்பது எம் துணிபு. ஊதுகுழலுக்குப் பதிலாகக் கைத்தாளம் போதும். வரிசைக்குப் பதிலாக வட்டம் போதும். வட்டத்தில் முதல்வனும் கடையனும் இல்லை.

இனி, யாருக்கு எவ்வளவு என்பது. இதுவே எம் பிழையினின்றும் யாம் கற்றது. காலையில் மாடு சாய்த்து, நீர் அள்ளி, இரண்டு மூன்று மைல் நடந்தோ துவிச்சக்கர வண்டி மிதித்தோ வரும் பிள்ளை அன்றைய தேகாப்பியாசத்தை வித்தியாசாலை வாயிலை அடையுமுன்னரே முடித்துவிட்டது. அதற்கு வேண்டுவது நிழலும் நீரும் உணவுமே. வீட்டு வாயிலிலிருந்து வாகனத்தில் வந்திறங்கும் பிள்ளைக்கு வேண்டுவது ஓட்டம். இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே கட்டளையிடுதல் நடுவுநிலைமை போலத் தோன்றும். உண்மையில் அது பாராமை. ஒப்ப நோக்குதலாவது ஒவ்வொருவரையும் நோக்குதல்.

பெண்பிள்ளைகளைப்பற்றியும் கூறவேண்டும். பூப்பெய்திய பின்னர் மைதானத்தினின்றும் அவர்களை விலக்கும் வழக்கம் இன்னும் பல ஊர்களிலுண்டு. இறைவன் அளித்த உடம்பு ஆணுக்கு மாத்திரம் அளிக்கப்பட்டதன்று. எலும்புறுதியும் இரத்தவளமும் தாயாகப்போகின்றவருக்கு மிகுதியும் வேண்டுவன. கைலாயத்தைக் காலால் மிதித்தலாகாதென்று தலையினால் நடந்த காரைக்காலம்மையாரைத் தொழும் நாம், நம் பெண்மக்கள் நாலு பேர் காண ஓடலாகாதென்று கூறுதல் பொருந்துமா? நாணத்துக்கு இசைந்த உடையும், வேண்டுமாயின் தனியிடமும், பெண்ணாசிரியர் துணையும் அமைத்துக் கொடுத்தல் நம் கடமை, விலக்குதல் கடமையன்று.

போரிலே உறுப்பிழந்தோரும் பிறவியிலேயே உறுப்புக் குறைந்தோரும் நம்மூர்களிற் பலர். அவர்களைப் பயிற்சிவேளையில் ஓர் ஓரத்திலிருந்து பார்க்கவிடுதல் இரக்கம்போலத் தோன்றும் கொடுமையாகும். திருவாரூர்த் தண்டியடிகள் நாயனார் பிறவியிலே கண்ணிழந்தவர். திருக்குளம் தூர்ந்து சுருங்கியமை அறிந்து, குளத்தின் நடுவே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவியபடியே இறங்கி மண் தோண்டிக் கூடையிற் சுமந்து ஏறினார். கண்ணில்லாதவருக்கு இவ்வேலை எதற்கென்று நகைத்தோர் இருந்தனர். கயிறொன்று போதுமாயிருந்தது. குளங்களால் வாழும் வன்னியில் இவ்வரலாற்றைக் கூறாத சைவ வகுப்பு இருத்தலாகாது. கூறுவதோடு அமையாது, நம் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் உரிய கயிறு யாதென்று தேடுதல் வேண்டும். ஒரு கால் இல்லாதவனுக்குக் கைப்பயிற்சி. பார்வை குறைந்தவனுக்குத் துணைவன் கைபிடித்த ஓட்டம். எழுந்து நிற்க மாட்டாதவனுக்கு இருந்தபடியே மூச்சுப் பயிற்சி. இவற்றை ஏற்பாடு செய்தல் பெருஞ்செலவுள்ள காரியமன்று.

இன்னும் ஒன்று. வீட்டுவேலை செய்யாது வந்தவனைத் தோப்புக்கரணம் போடுக என்றும், பிந்தி வந்தவனை மைதானத்தைச் சுற்றி ஓடுக என்றும் தண்டிக்கின்றோம். இதனால் மூன்று தீமை விளைகின்றன. பிள்ளையாரை வணங்கும் முறை குற்றவாளியின் தண்டனையாகின்றது. ஓட்டம் துன்பமென்று அவன் உள்ளத்தில் ஊன்றுகின்றது. தன் உடம்பு தனக்குத் தந்த நற்கருவி என்னும் எண்ணம் போய், பிறர் தன்னை வருத்துதற்குரிய இடம் என்னும் எண்ணம் புகுகின்றது. காலையில் ஓட்டத்தைப் புகழ்ந்து நண்பகலில் அதனையே தண்டனையாக்கும் நம் சொல்லை எந்தப் பிள்ளை நம்பும்?

நம் சொல் நம்பப்படாமைக்கு மற்றொரு காரணம் நம் நாற்காலி. மாணாக்கர் வெயிலில் நிற்க நாம் நிழலில் இருந்து ஏவுகின்றோம். மோட்டார்ச் சைக்கிளில் வந்திறங்கி, படியேற மூச்சு வாங்கி, ஆரோக்கியத்தின் மேன்மையைக் கரும்பலகையில் எழுதுகின்றோம். நாமுரைக்கும் நீதிநூல்களைப் பிள்ளைகள் மறப்பர். நாம் எழுந்து நின்றமையை மறவார். ஆதலால் காலைப்பயிற்சியின் முதல் மாணாக்கன் ஆசிரியனாதல் வேண்டும்.

செய்யுமுறை பற்றிச் சில கூறி முடிப்பாம். விடியுமுன் எழுந்து, காலைக்கடன் கழித்து, ஒரு மிடறு நீர் பருகி, முதற் சில நிமிடம் மெல்ல நடந்து உடம்பைச் சூடேற்றுக. எழுந்தவுடன் கடும்பயிற்சி தொடங்கற்க. அரைமணி விரைநடை பெரும்பாலோருக்குப் போதும். நீரிழிவுக்கு மருந்து கொள்வோர் வெறுவயிற்றோடு நடப்பின் சர்க்கரை மிகக் குறைந்து மயங்குதல் கூடும். இருதய நோயுள்ளோரும் அவரும் வைத்தியர் சொற்படி நடக்க. காட்டோரப் பாதைகளில் இருள் பிரியுமுன் செல்லற்க. யானை நடமாட்டம் உள்ள ஊர்களில் வீட்டு வளவே தக்க இடம். கண்ணிவெடி அகற்றப்பட்டமை உறுதிப்படாத காணிகளிற் பிள்ளைகளை ஓடவிடற்க. மழைக்காலத்தில் மண்டபத்துள்ளே செய்க. பயிற்சியின்பின் நீராடி, திருநீறு தரித்து, இறைவனை வணங்கி அன்றைய தொழில் தொடங்குக. வித்தியாசாலையிலோ, பயிற்சிக்குமுன் "இன்று உண்ணாது வந்தவர் யார்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேளற்க; அவ்வாறு கேட்பின் உண்மை வாராது. வாயிலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து வரவேற்பின், கேளாமலே தெரியும்.

யாம் முன்கூறிய நிகழ்ச்சிக்குப்பின், எம் வித்தியாசாலையில் ஆசிரியர் சிலரும் ஊரவர் சிலரும் கூடி, காலையிற் கஞ்சி காய்ச்சும் ஏற்பாடொன்று செய்தோம். இலைக்கஞ்சி ஒரு நாள், பயறு ஒரு நாள், கிடைத்தது கிடைத்தபடி. கஞ்சி குடித்து அரைமணி சென்றபின்னரே பயிற்சி. அச்சிறுவன் ஒரு மாதத்துக்குள் வட்டத்தில் எல்லாரினும் உயரக் குதித்தான். சோம்பலென்று யாம் பெயரிட்டது பசியாயிருந்தது. இன்னும் எத்தனை பிள்ளைகளிடத்து எத்தனை துன்பங்களுக்கு நாம் எத்தனை குற்றப் பெயர்கள் இட்டிருக்கின்றோமோ என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகின்றது.

ஆகவே, உடம்பை ஓம்புதல் அறமே. அஃது இறைவன் நம்பால் வைத்த அடைக்கலப்பொருளாதலின், அதனைப் பாழ்படுத்துதலும் குற்றம். அதனையே பொருளெனக் கொண்டு மயங்குதலும் குற்றம். தன் உடம்பை ஓம்புதல் ஒருவனுக்கு அறமாயின், தன்பால் ஒப்புவிக்கப்பட்ட இளம் பிள்ளைகளின் உடம்பை ஓம்புதல் ஆசிரியனுக்கு இருமடங்கு அறமாம். அவ்வறத்தின் தொடக்கம் கட்டளையன்று. பிள்ளையின் முகத்தை நோக்குதல். விளக்கைத் தூண்டுமுன் நெய் உண்டோ என்று பார்த்தலே முறை. நாளைக் காலை மைதானத்தில் நாமும் அவர்களோடு வட்டத்தில் நிற்போமாக. விடியுமளவும் இவ்விளக்குகள் அணையாது எரியத் தோன்றாத்துணையாய் நின்ற சிவபெருமான் திருவருள் புரிக.